முன் பிறேக் எந்தக் கையில்?

ஒரு கேள்வி. எழும்பிப் போய்ப் பார்க்காமல் பதில் சொல்லுங்கோ. உங்கட சைக்கிளில் முன் பிறேக் எந்தக் கையில் இருக்கு?

கம்பஸ் கன்ரீனில் இருந்த நண்பர்களிடம் இதைக் கேட்டோம். கேட்டவுடன் பலர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, இல்லாத ஹாண்டிலைப் பிடித்துப் பார்த்தார்கள். சிலர் வலது என்றார்கள், சிலர் இடது என்றார்கள். ஒருத்தி, "முன் பிறேக்கோ? அது வயர் கழட்டி விட்டுக் கிடக்குது" என்றாள். எல்லோரும் தினமும் சைக்கிளில் வருகிறவர்கள்தான்.

இந்தக் கட்டுரை மவுண்டன் பைக்கின் பிறேக் பிடிகளை இடம் வலம் மாற்றிப் பூட்டுவது பற்றியது. மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் மவுண்டன் பைக் எதற்கு என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கோ. ஆனால் இன்றைக்கு ஒழுங்கைக்கு ஒழுங்கை ஓடுவது அதுதான். ரியூசனுக்குப் போகிற பிள்ளை முதல் எங்களைப் போலக் கம்பஸ் வருகிற ஆட்கள் வரை, புதிதாகச் சைக்கிள் வாங்குகிற இளம் ஆட்களில் கனபேர் அகல ரயரும் முன் ஷொக்கும் உள்ள சைக்கிளைத்தான் தெரிவு செய்கிறார்கள். அந்தச் சைக்கிள் எந்த நாட்டு றோட்டை நினைத்துப் பூட்டப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இலங்கை றோட்டில் ஓடுகிற சைக்கிளுக்கு முன் பிறேக் வலக்கையில் இருக்க வேண்டும். இடக்கையில் முன் பிறேக்கோடு வருகிற சைக்கிளை வாங்கின கையோடு மாற்றிப் பூட்ட வேண்டும். அப்படிக் கேட்பது வாங்குகிறவரின் உரிமை. அவர் கேட்காவிட்டாலும் விளங்கப்படுத்திக் கொடுப்பது விற்கிறவரின் பொறுப்பு.

இரண்டு வழக்கம்

இதற்கு உலகத்தில் ஒரே விதி கிடையாது. அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதி, முன் பிறேக் இடப்பக்கப் பிடியிலும் பின் பிறேக் வலப்பக்கப் பிடியிலும் இருக்க வேண்டும் என்கிறது. பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சைக்கிள் பாதுகாப்பு ஒழுங்குவிதி அதற்கு நேர் எதிர். அங்கே வலக்கைப் பிடி முன் சில்லுக்கு, இடக்கைப் பிடி பின் சில்லுக்கு. யப்பானிலும் அவுஸ்திரேலியாவிலும் வலக்கைதான் முன். கனடா, ஜேர்மனி, பிரான்ஸ் பக்கம் பொதுவாக இடக்கை முன். சைக்கிள்களுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 4210 இந்தச் சண்டைக்குள் தலைபோடவில்லை. சைக்கிள் எந்த நாட்டில் விற்கப்படுகிறதோ அந்த நாட்டின் சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் ஏற்றபடி பூட்டுங்கள் என்று விட்டுவிடுகிறது.

ஏன் இந்த வித்தியாசம்? வழக்கமாகச் சொல்லப்படுகிற விளக்கம் கைச்சைகையோடு சம்பந்தப்பட்டது. இடப்பக்கமாக வாகனம் ஓடுகிற நாட்டில் பயம் கூடிய திருப்பம் வலப்பக்கத் திருப்பம். எதிரே வருகிற வாகனங்களைக் குறுக்கறுத்துப் போக வேண்டும். அதற்கு வலக்கையை நீட்டிக் காட்ட வேண்டும். அந்த நேரம் ஹாண்டிலில் மிஞ்சுவது இடக்கை மட்டும். ஒற்றைக் கையால் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு முன் பிறேக்கை இறுக்கினால் முன் சில்லு ஒரு பக்கம் திரும்பி ஆளைக் கவிழ்த்துவிடும். அதனால் இடக்கைக்குப் பின் பிறேக். வலப்பக்கமாக வாகனம் ஓடுகிற நாடுகளில் இதே நியாயம் மறுகைக்கு மாறும்.

நாங்கள் ஓடுவது இடப்பக்கம். வலப்பக்கம் திரும்ப வலக்கையைத்தான் நீட்டுகிறோம். அப்படிப் பார்த்தால் பதிலை எங்கள் றோட்டே சொல்லிவிட்டது.

இது ஒன்றும் புதிதாக இறக்குமதி செய்கிற யோசனையும் கிடையாது. அம்மப்பாக்களின் றலி, ஹம்பர் சைக்கிள்கள் இன்னும் சில வீடுகளில் நிற்கின்றன. பிறேக்குக்கு வயர் இல்லாமல் இரும்புக் கம்பி ஓடுகிற பழைய சைக்கிள்கள். இங்கிலாந்தில் செய்த அந்தச் சைக்கிள்களில் வலக்கைப் பிடியை இழுத்தால் முன் சில்லின் கட்டைதான் அசையும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் இல்லாமல் கிடந்த யாழ்ப்பாணம் மூட்டை, விறகு, நோயாளி, கலியாணப் பொம்பிளை என்று எல்லாவற்றையும் சைக்கிளில்தான் ஏற்றி இறக்கியது. எங்கள் அப்பா அம்மாக்களின் கை பழகியது அந்தச் சைக்கிள்களில்தான்.

ஸ்கூட்டி பழக்கிய கை

எங்கள் கை பழகியது இன்னொன்றில். வீட்டுக்கு ஒரு ஸ்கூட்டி அல்லது மோட்டார் சைக்கிள் நிற்கிற காலம் இது. மோட்டார் சைக்கிளில் வலக்கைப் பிடி முன் பிறேக், இடக்கையில் கிளச். இது உலகம் முழுக்க ஒன்றுதான், அமெரிக்காவிலும் அப்படித்தான். கியர் இல்லாத ஸ்கூட்டியில் இடக்கை பின் பிறேக். சில புதிய ஸ்கூட்டிகளில் இடக்கைப் பிடி இரண்டு சில்லையும் சேர்த்துப் பிடிக்கும். ஆனால் முன் சில்லுக்கான தனிப் பிடி அங்கேயும் வலக்கைதான்.

காலையில் ஸ்கூட்டியில் தங்கச்சியைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, பின்னேரம் சைக்கிளில் நூலகத்துக்குப் போகிற ஆள் ஒருவரை நினைத்துப் பாருங்கோ. வாகனம் மாறும்போது கையின் பழக்கம் மாறாது. நாய் குறுக்கே பாயும்போது யாரும் "இது சைக்கிள், இதில் முன் பிறேக் இடக்கையில்" என்று யோசிப்பதில்லை. கை தனக்குத் தெரிந்ததைச் செய்யும்.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் போகிற சைக்கிள் ஒரு செக்கனில் 8 மீற்றருக்கு மேல் போகும். எது முன், எது பின் என்று அரைச் செக்கன் தடுமாறினால் 4 மீற்றர் போய்விட்டது. 4 மீற்றர் என்பது சின்னக் கார் ஒன்றின் நீளம்.

"முன் பிறேக்கைப் பிடியாதை"

சின்ன வயதில் சைக்கிள் பழகின எல்லோரும் இதைக் கேட்டிருப்போம். "முன் பிறேக்கைப் பிடியாதை, குத்துக்கரணம் அடிப்பாய்." சொன்னவர்கள் எங்களில் உள்ள அன்பில்தான் சொன்னார்கள். ஆனால் அந்த வாக்கியம் எங்களுக்கு அரைவாசிப் பிறேக்கைத்தான் விட்டுவைத்தது. பெண் பிள்ளைகளுக்கு அது இன்னும் அழுத்திச் சொல்லப்பட்டது. முன் பிறேக் வயரையே கழற்றிவிட்ட லேடீஸ் சைக்கிள்கள் எத்தனையை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பிறேக் பிடிக்கும்போது உடம்பின் பாரம் முன்னுக்குப் போகிறது. பஸ்ஸில் நின்றபடி போகும்போது ட்ரைவர் பிறேக் அடித்தால் நாங்கள் முன்னுக்குச் சாய்வதும் அதனால்தான். பாரம் முன்னுக்குப் போனால் முன் ரயர் றோட்டோடு இன்னும் அழுந்தும். பின் ரயர் இலேசாகும். இலேசான ரயர் கெதியாகச் சறுக்கும். அதனால் பின் பிறேக்கை எவ்வளவு இறுக்கினாலும் ஒரு அளவுக்கு மேல் அது நிறுத்தாது, இழுபட்டுக்கொண்டு போகும். காய்ந்த தார் றோட்டில் முன் பிறேக்கை ஒழுங்காகப் பிடித்தால், பின் பிறேக்கை மட்டும் பிடிப்பதைவிடக் கிட்டத்தட்ட அரைவாசித் தூரத்தில் நிற்கலாம். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்துக்கு இதைக் கணக்குப் போட்டால் ஒன்று சுமார் 7 மீற்றர், மற்றது சுமார் 14 மீற்றர். வெட்டை வெளியில் இந்த வித்தியாசம் ஒன்றுமில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் போகும்போது அது பெரிய வித்தியாசம்.

குத்துக்கரணம் பொய்யில்லை. கையைத் தளர விட்டு, இருக்கையில் உடம்பை முன்னால் வைத்தபடி, முன் பிறேக்கைத் திடீரென்று முழுதாக இறுக்கினால் அது நடக்கும். அதற்கு மருந்து முன் பிறேக்கைக் கழற்றுவது கிடையாது. கையை ஊன்றி, உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, முதலில் மெதுவாகவும் பிறகு கூட்டியும் பிடிக்கப் பழகுவதுதான். இப்படிப் பழக வேண்டுமென்றால் முன் பிறேக் எந்தக் கையில் என்பது சந்தேகமில்லாமல் தெரிந்திருக்க வேண்டும். எப்போதும் ஒரே கையில் இருக்க வேண்டும்.

பழைய கம்பிப் பிறேக்கில் இந்தக் கேள்வி இவ்வளவு கடுமையாக இருக்கவில்லை. இரும்பு றிம்மில் மழைத்தண்ணி பட்டால் எந்தப் பிடியை இழுத்தாலும் சைக்கிள் தன் பாட்டில்தான் போகும். இப்போது மவுண்டன் பைக்கில் வருகிற ஒயில் டிஸ்க் பிறேக்கை ஒற்றை விரலால் பிடித்தாலே சில்லு நின்றுவிடும். பிறேக்கின் பலம் கூடக்கூட, கை மாறிப் பிடிப்பதன் விலையும் கூடுகிறது.

எங்களோடு படிக்கிற ஒருவன் அந்த விலையைக் கொடுத்தான். ஊரில் நாளாந்தம் ஸ்கூட்டி ஓடுகிறவன். அறை நண்பனின் மவுண்டன் பைக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். கிரவல் ஒழுங்கையில் ஒரு முடக்கு. திரும்புகிற நேரம் ஆடு ஒன்று குறுக்கே வந்தது. ஸ்கூட்டியில் செய்வது போல, பின் பிறேக் என்று நம்பி இடக்கையை இறுக்கினான். அந்தச் சைக்கிளில் இடக்கை முன் பிறேக். கிரவலில், திரும்புகிற முன் சில்லு பூட்டுப்பட்டால் சைக்கிளை நிமிர்த்த நேரம் கிடைக்காது. மணிக்கட்டில் வெடிப்பு, ஆறு கிழமை பிளாஸ்ரர், அந்தச் செமஸ்டரில் இரண்டு பாடப் பரீட்சை எழுதவில்லை.

பார்க்க வந்த எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "பாத்து ஓடுறேல்லையோ?" அவன் பார்த்துத்தான் ஓடினான். ஆட்டையும் கண்டான், பிறேக்கையும் நேரத்துக்குப் பிடித்தான். அவன் கை எதிர்பார்த்த பிறேக் அந்தக் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஒரு பொருள் பாவிக்கிறவரின் கைக்குப் பொருந்தாமல் இருக்கும்போது பாவிக்கிறவரைக் குற்றம் சொல்லுவது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று.

புலம்பெயர்ந்த பிறேக்

சைக்கிள் எப்படி எங்களிடம் வருகிறது என்று பாருங்கோ. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற நாட்களில் சைக்கிளுக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. விலை ஏறியது. புதிது வாங்க முடியாதவர்கள் கைமாறின சைக்கிளைத் தேடினார்கள். வெளிநாட்டுச் சொந்தங்கள் கப்பலில் போடுகிற பெட்டிகளோடு சில சைக்கிள்கள் வந்தன. லண்டன் மாமாவின் சைக்கிள் என்றால் பெரும்பாலும் வலக்கை முன். கனடாச் சித்தப்பாவோ ஜேர்மனி அத்தையோ அனுப்பினது என்றால் பெரும்பாலும் இடக்கை முன். எந்தச் சந்தைக்குச் செய்தது என்று தெரியாத புதுச் சைக்கிள்களும் கடைகளில் நிற்கின்றன. எங்கள் சனம் எந்தெந்த நாடுகளுக்குச் சிதறியது என்பதைச் சைக்கிள் தரிப்பிடத்தில் ஒவ்வொரு பிறேக்காகப் பிடித்துப் பார்த்தே சொல்லலாம் போல.

இதில் யாருடைய பிழையும் இல்லை. கனடாவில் அது சரியாகத்தான் பூட்டப்பட்டிருந்தது. றோட்டு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். காருக்கு என்றால் ஸ்ரேறிங் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. சைக்கிள் என்றபடியால் யாரும் பார்ப்பதில்லை.

எப்படி மாற்றுவது

வயர் பிறேக் என்றால் வேலை இலேசு. வி பிறேக்கிலும் வயரில் இயங்குகிற டிஸ்க் பிறேக்கிலும் பிடிகளைக் கழற்றத் தேவையில்லை. வயர்களை மட்டும் இடம் மாற்றினால் போதும். பிடியில் வயர் நுழைகிற இடத்தில் திருகுகிற சின்ன உருளையும் அதற்கு ஒரு பூட்டு வளையமும் இருக்கும். பல பிடிகளில் இரண்டிலும் ஒரு வெட்டு இருக்கும். அவற்றைத் திருகிப் பிடியில் உள்ள வெட்டோடு நேராக்குங்கோ. சில்லுப் பக்கத்தில் வயரைத் தளர்த்துங்கோ. வி பிறேக்கில் வளைந்த குழாயைக் கொளுக்கியில் இருந்து எடுத்துவிட்டால் வயர் தளர்ந்துவிடும். டிஸ்க் என்றால் வயரை இறுக்கும் ஸ்குறூவை அலன் கீயால் தளர்த்த வேண்டும். பிறகு வயர் முனையில் இருக்கிற உருண்டையைப் பிடியில் இருந்து வெளியே எடுத்து மற்றப் பிடியில் போடலாம். மற்றதுக்கும் அப்படியே.

பூட்டின பிறகு ஹாண்டிலை இடப்பக்கமும் வலப்பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கோ. வயரின் வெளி உறை இழுபட்டால் அது கட்டை. நீளமான உறை வாங்கிப் போட வேண்டும். இழுபடுகிற வயரோடு ஓட வெளிக்கிட வேண்டாம். இரண்டு பிடியையும் முழுப் பலத்தோடு பத்துத் தரம் இறுக்கிப் பார்த்து, வயர் நழுவியிருந்தால் திரும்ப இறுக்குங்கோ.

ஒயில் பிறேக் என்றால் கொஞ்சம் கவனம். சில நிறுவனங்களின் பிடிகளை இரண்டு பக்கத்துக்கும் பாவிக்கலாம். ஷிமானோவின் மவுண்டன் பைக் பிடிகள் இடம், வலம் என்று தனித்தனியாகச் செய்யப்பட்டவை. அவற்றில் ஒயில் குழாயைப் பிடியில் இருந்து கழற்றி மற்றதில் பூட்ட வேண்டும். குழாய் முனையில் இருக்கிற சின்னப் பித்தளை வளையத்தையும் உள்ளே செருகுகிற துண்டையும் புதிதாகப் போட வேண்டும். பிறகு ஒயில் விட்டு, உள்ளே நிற்கிற காற்றை எடுக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இதைத் தெரிந்த ஆளிடம் கொடுப்பது நல்லது.

கொடுக்கும்போது ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கோ. ஷிமானோ பிறேக்குக்கு மினரல் ஒயில் மட்டும்தான். மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் விடுகிற டொட் பிறேக் ஒயிலை அதற்குள் விட்டால் உள்ளே இருக்கிற றப்பர் பழுதாகிப் பிறேக் கைவிடும். மறுபக்கம், டொட் ஒயிலுக்கென்று செய்த சைக்கிள் பிறேக்குகளும் இருக்கின்றன. ஸ்ராம் நிறுவனத்தின் பல பிறேக்குகள் அப்படி. அவற்றுக்கு மினரல் ஒயில் விடக்கூடாது. எது என்று பெரும்பாலும் பிடியிலேயே எழுதியிருக்கும். எங்கள் ஊர்களில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஒரே கடையில் திருத்துப்படுவதால் இந்தப் பிழைக்கு இடம் கூட. ஒயில் டிஸ்க் தட்டிலும் பிறேக் கட்டையிலும் பட விடவும் வேண்டாம். பட்டால் பிறேக் பிடிக்காது.

"கொம்பனிக்காரனுக்குத் தெரியாதோ?"

நாங்கள் இதைச் சொல்லும்போது வருகிற மறுப்புகளில் முதலாவது இது. நகரத்தில் ஒரு கடையில், "தம்பி, கொம்பனி பூட்டினதை மாத்தப்படாது" என்று அனுப்பிவிட்டார்கள். இன்னொரு கடையில் அண்ணை ஒருவர் சிரித்துக்கொண்டே இருபது நிமிசத்தில் மாற்றித் தந்தார். கொம்பனிக்காரருக்கு எல்லாம் தெரியும். தாங்கள் எந்த நாட்டுக்குப் பூட்டுகிறோம் என்பதும் தெரியும். அமெரிக்க ஒழுங்குவிதியிலேயே, வாங்குகிறவர் கேட்டால் இடம் வலம் மாற்றிக் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறது. விதி போட்டவர்களே விட்டுக்கொடுக்கிற இடத்தில் நாங்கள் ஏன் பயப்பட வேண்டும்?

இரண்டாவது: "வலக்கை பலமான கை, அதில் முன் பிறேக் இருந்தால் கூட இறுக்கிப்போடும்." வலக்கை பலமானது மட்டுமில்லை, நுணுக்கமானதும்கூட. எழுதுவது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் அந்தக் கைதான். முன் பிறேக்குக்கு வேண்டியதும் அந்த நுணுக்கம்தான். அமெரிக்காவில் சைக்கிள் நுட்பம் பற்றி எழுதிப் புகழ்பெற்ற, 2008இல் மறைந்த ஷெல்டன் பிறவுண், தன் நாட்டு வழக்கத்துக்கு மாறாகத் தன் சைக்கிள்களில் முன் பிறேக்கை வலக்கையில்தான் வைத்திருந்தார்.

மூன்றாவது மறுப்பு நியாயமானது. பின் கியரை மாற்றுகிற நெம்பும் வலக்கையில்தான். மலையகத்தில் இருந்து வந்து எங்களோடு படிக்கிற நண்பன் ஒருவன் இதைச் சொன்னான். தேயிலைத் தோட்டத்து றோட்டில் இறங்கும்போது ஒரே கை முன் பிறேக்கையும் பிடித்துப் பெருவிரலால் கியரையும் தட்ட வேண்டி வருகிறது. உண்மைதான், அது இடைஞ்சல். ஆனால் கியரை முடக்குக்கு முன்னமே மாற்றலாம், ஒரு செக்கன் பிந்தியும் மாற்றலாம். பிறேக்குக்கு அந்த வசதி கிடையாது. அதனால் தெளிவான கை எதற்கு என்று கேட்டால் எங்கள் பதில் பிறேக்.

நாலாவது: "எனக்கு இடக்கைதான் பழகிட்டுது." அப்படியென்றால் மாற்ற வேண்டாம். நாங்கள் விதி போட வரவில்லை. வருடக்கணக்காக இடக்கை முன் பிறேக்கோடு ஓடி, ஸ்கூட்டியும் ஓடாத ஆளுக்கு அதுதான் பாதுகாப்பு. இடக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கும் இதைத் தாங்களே தீர்மானிக்கிற உரிமை இருக்கு. எங்கள் வாதம் பழகப் போகிறவர்களுக்கும், புதிதாக வாங்குகிறவர்களுக்கும், இரண்டு வகை வாகனமும் மாறி மாறி ஓடுகிறவர்களுக்கும்தான். இன்றைக்கு மாற்றினால் முதல் ஒரு கிழமை வெட்டையிலோ மைதானத்திலோ ஓடிப் பழகுங்கோ. மாற்றின கையோடு ஏ9 வீதிக்குப் போக வேண்டாம்.

இரவல் கொடுக்கும்போது

இனி, எங்களுக்கு முக்கியமாகப் படுகிற விஷயம். எங்கள் வாழ்க்கையில் சைக்கிள் தனிச்சொத்து மாதிரி இருப்பதில்லை. விடுதியில் ஒரு சைக்கிளை ஐந்து பேர் ஓடுவோம். "மச்சான், திறப்பைத் தா, கடைக்குப் போட்டு வாறன்" என்றால் கொடுத்துவிடுவோம். அதுதான் எங்களுக்குள் இருக்கிற அழகு. ஆனால் சைக்கிளைத் தனக்கு ஏற்றபடி மாற்றுகிற ஒவ்வொருவரும், அதை ஓடப்போகிற மற்றவரின் கையையும் நினைக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவான ஒரு வழக்கம் வேண்டும் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். தனித்தனியாக அவரவருக்குச் சரியாக இருந்தால் போதாது. எந்தச் சைக்கிளை எடுத்தாலும் வலக்கை முன் என்று நம்பி ஏறக்கூடியதாக இருக்க வேண்டும்.

அது நடக்கும்வரை மூன்று விஷயம் செய்யலாம். மூன்றுக்கும் காசு தேவையில்லை.

சைக்கிளை இரவல் கொடுக்கும்போது திறப்போடு ஒரு வசனத்தையும் சேர்த்துக் கொடுங்கோ: "முன் பிறேக் வலது" அல்லது "கவனம், இதில முன் பிறேக் இடது."

தெரியாத சைக்கிளில் ஏற முன் பக்கத்தில் நின்று ஒரு பிடியை இறுக்கிக்கொண்டு சைக்கிளை முன்னுக்குத் தள்ளிப் பாருங்கோ. பின் சில்லு மேலே எழும்பினால் நீங்கள் பிடித்தது முன் பிறேக். ஐந்து செக்கன் வேலை. பிறேக் வேலை செய்கிறதா என்பதும் அதோடு தெரிந்துவிடும்.

முன் பிறேக் பிடியில் ஒரு துண்டு நிற ரேப் சுற்றிவிடுங்கோ. விடுதியில் எல்லோரும் ஒரே நிறத்தைச் சுற்றினால் கேட்கவும் தேவையில்லை.

கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். சைக்கிளின் நிறத்தையும் கியரின் எண்ணிக்கையையும் ஆசையாக விளங்கப்படுத்துகிறீர்கள். அதோடு, "தங்கச்சி, முன் பிறேக் எந்தக் கையில வேணும்?" என்று ஒரு கேள்வியும் கேளுங்கோ. கழற்றி விடச் சொல்லிக் கேட்டு வருகிற அம்மா அப்பாவிடம், "கழட்ட வேண்டாம், பிள்ளைக்குப் பிடிக்கப் பழக்குவம்" என்று சொல்லுங்கோ. நாங்கள் சொல்லுவதைவிட நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

இதை வாசித்து முடித்தவுடன் போய் உங்கட சைக்கிளைப் பாருங்கோ. வயர் கழன்று கிடந்தால் முதலில் அதைப் பூட்டுங்கோ. இடக்கையில் இருந்து, நீங்கள் ஸ்கூட்டியும் ஓடுகிற ஆள் என்றால், இந்தச் சனி ஞாயிறுக்குள் மாற்றுங்கோ. மாற்றத் தெரியாவிட்டால் கலைப்பீடத்துச் சைக்கிள் தரிப்பிடத்துக்குக் கொண்டு வாங்கோ. வயர் பிறேக் என்றால் நாங்களே மாற்றித் தருவோம். ஒயில் பிறேக் என்றால் அந்த அண்ணையின் கடைக்கு வழி சொல்லுவோம்.